பூண்டு வாசனை அடித்த பெட்டி

"கதவத் தொறந்து அரை மணி நேரமாச்சும் காத்தாட உடணும் மேஸ்திரி, ரெண்டு நாளா மூடிக் கெடந்த பொட்டி..."

"அரை மணி நேரம் காத்தாட உடறதுக்கு அது இன்னா உங்க ஊட்டு மாட்டுக் கொட்டாயா? சாயங்காலம் ஆறு மணிக்குத் துறைமுகத்துக் கேட்ட..."

"...உள்ள ஒரே புழுக்கமா இருக்கும், பொம்பளைங்க மயங்கி..."

"...மூடிப்புடுவான். நான் பேசிக்கினு இருக்கும்போதே நீயும் பேசினா எப்பிடி? ஆறு மணி. ஆறு அடிச்சு ஒரு நிமிசம் ஆனாலும் பொட்டி அடுத்த கப்பலுக்கு. அடுத்த கப்பலு எட்டு நாள் கழிச்சு. மொதலாளி என் தோல உரிச்சு அதுல மல்லாட்டையக் கொட்டிக் கட்டி அனுப்பிடுவாரு."

"அனுப்பட்டுமே. உன் தோலுக்கு எந்த நாட்டுல கிராக்கின்னு நானும் பாக்கறேன்," என்றாள் அம்சவள்ளி.

மூட்டை சுமந்தவர்கள் சிரித்தார்கள். மேஸ்திரி ராஜாமணி சிரிக்கவில்லை. வழக்கமாக அவன்தான் முதலில் சிரிப்பான். இன்று அவள் முகத்தைப் பார்க்காமல் செல்போனில் மணி பார்த்துக்கொண்டிருந்தான்.

திண்டிவனத்திலிருந்து புதுச்சேரி போகும் சாலையில், கிளியனூருக்கு இந்தப் பக்கம், முந்திரித் தோப்பை வெட்டிவிட்டுப் போட்ட தகரக் கொட்டகை அது. உடைத்த மல்லாட்டைப் பருப்பு, அதாவது வேர்க்கடலை, அங்கிருந்துதான் வெளிநாடுகளுக்குப் போகிறது. கிழக்கே அப்போதுதான் வெளுத்துக்கொண்டு வந்தது. மூட்டை தூக்குகிற மண்ணாங்கட்டியும் அவன் ஆட்கள் ஐந்து பேரும் நான்கு மணிக்கே வேலையைத் தொடங்கியிருந்தார்கள். கிடங்கிலிருந்து மேடைக்கு முந்நூற்று எண்பது மூட்டை. ஒவ்வொன்றும் ஐம்பது கிலோ. முதுகில் சாக்கு உரசி உரசித் தோல் சிவந்து, அதன்மேல் மல்லாட்டைத் தோலின் செந்தூள் ஒட்டி, வியர்வை வழிந்த கோடுகளில் மட்டும் அவர்களுடைய உண்மையான நிறம் தெரிந்தது. மூட்டையை இறக்கும்போது எழும் "ஹக்" என்ற சத்தம் தவிர அவர்களிடமிருந்து பேச்சே இல்லை. பேசினால் மூச்சு வீணாகும்.

மேடையை ஒட்டி, கப்பலில் அப்படியே ஏற்றுகிற கன்டெய்னர், அந்த இரும்புப் பெட்டி நின்றது. சனிக்கிழமை மாலை வேலை முடிந்து எல்லாரும் போனபிறகு வந்த பெட்டி. டிரைலரோடு விட்டுவிட்டு, டிரைவர் இழுவை வண்டியைக் கழற்றிக்கொண்டு ஊருக்குப் போய்விட்டான். நேற்று ஞாயிறு, விடுமுறை.

இந்தப் பெட்டிகள் சுற்றாத நாடில்லை. போன மாதம் எந்தச் சீமையில் எதைச் சுமந்ததோ, இந்த மாதம் கிளியனூர் வெயிலில் வந்து வாயைத் திறந்து நிற்கும். முன்பு அதில் என்ன போனது என்பது யாருக்கும் தெரியாது, அம்சவள்ளியைத் தவிர. கதவு திறந்ததும் அவள்தான் முதலில் தலையை உள்ளே நீட்டுவாள். இரண்டு மூச்சு இழுப்பாள். "காபிக்கொட்டை" என்பாள். "ஆட்டுத்தோலு. உப்பு போட்டுப் பதப்படுத்தாதது" என்பாள். "டயரு." "கருவாட்டுத் தூளு." ஒருதரம் அவள் சொன்னதைக் கேட்டு மொதலாளி பெட்டிக்காரனுக்கே போன் போட்டு விசாரித்தான். அவள் சொன்னது சரியாக இருந்தது. அதிலிருந்து அது விளையாட்டு மாறி வேலையாகிவிட்டது. காபி என்றால் வெறும் தண்ணீர், தோல் என்றால் பினாயில், கருவாடு என்றால் பெட்டியையே திருப்பியனுப்பு. வாங்குகிற நாட்டில் பருப்பை மோந்து பார்க்க ஆளும் மிஷினும் வைத்திருக்கிறார்களாம். இங்கே அம்சவள்ளியின் மூக்கு இருந்தது. அதற்கென்று தனிக்கூலி கிடையாது.

ராஜாமணி கம்பியை நெம்பிக் கதவைத் திறந்தான். திறந்தவன் ஏனோ நாலடி பின்வாங்கி நின்றான்.

"இன்னா வாசனை, சொல்லுக்கா," என்றாள் அன்புச்செல்வி. அம்சவள்ளியின் தெருக்காரி. இருபத்தெட்டு வயது. கையில் துடைப்பம், இடுப்பில் ஈரச் சாக்கு. பெட்டியைப் பெருக்கித் துடைத்து, சுவரெல்லாம் பழுப்புக் காகிதம் ஒட்டுவது இவர்கள் இருவரும் கலையரசியும் சேர்ந்து மூன்று பேர் செய்கிற வேலை. காகிதம் ஒட்டினால்தான் மூட்டை உள்ளே போகும்.

அம்சவள்ளி தலையை நீட்டினாள். மூக்கில் காரமாக ஏறியது.

"பூண்டு," என்றாள். "அழுகுன பூண்டு."

"பூண்டுன்னா தண்ணி போதும்ல?"

"தண்ணி போதும். ரெண்டு தடவ தொடை."

"ஊட்டுல கொழம்பு வெக்க ரெண்டு பல்லு இல்ல. இவனுங்க கப்பல் கப்பலா ஏத்தி எவனுக்குக் குடுக்கறானுங்களோ," என்று சிரித்துக்கொண்டே அன்புச்செல்வி உள்ளே ஏறினாள். அவள் குரல் இரும்புச் சுவரில் மோதித் திரும்பியது. "அக்கா, கோடியில காகிதத் தட்டுல சாம்பல் குமிச்சு வெச்சிருக்கான். அடுப்பு மூட்டினானா, பூசை போட்டானா தெரியல."

"வாரிக் கொட்டிட்டுத் தொடைச்சுகினு வா."

அவள் வாரினாள். மிச்சம் ஒட்டியிருந்த தூளை ஈரச் சாக்கை வைத்துத் தேய்த்தாள். காகிதச் சுருளை எடுக்கத் திரும்பிய அம்சவள்ளிக்கு இருமல் சத்தம் கேட்டது. பிறகு துடைப்பம் விழுந்தது. பிறகு அதைவிடப் பாரமாக ஒன்று விழுந்தது.

அம்சவள்ளி உள்ளே ஓடினாள். அன்புச்செல்வி கவிழ்ந்து கிடந்தாள். வாயோரம் நுரை. அவள் அக்குளில் கைகொடுத்து இழுக்கும்போது அம்சவள்ளிக்கே நெஞ்சை யாரோ மிதிப்பதுபோல இருந்தது. மண்ணாங்கட்டி மூட்டையை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்து கால்களைப் பிடித்தான். மேடையில் கிடத்தியதும் அன்புச்செல்வி ஒருதரம் கண்ணைத் திறந்தாள். "தலைய சுத்துது" என்று ஏதோ சொன்னாள். பிறகு வாந்தி எடுத்தாள். அதன்பிறகு பேச்சில்லை.

"நூத்தியெட்டுக்குப் போன் போடுங்க," என்று கத்தினாள் கலையரசி.

"யாரும் போட வேணாம்," என்று பின்னாலிருந்து குரல் வந்தது.

மொதலாளி சேரன் வந்திருந்தான். கொட்டகைக்குப் பின்புறமே வீடு. பல் விளக்கிக்கொண்டே வந்திருக்கிறான், வாயோரம் பேஸ்ட் நுரை. இரண்டு நுரையையும் ஒரே நேரத்தில் பார்க்க முடியாமல் அம்சவள்ளி அன்புச்செல்வியின் வாயை முந்தானையால் துடைத்தாள்.

"ஆம்புலன்ஸ் வந்தா பின்னாலயே போலீஸ் வரும், பேப்பர்காரன் வருவான். பேஜாரு. நம்ம குட்டியானையில ஏத்துங்க. கணக்குப்பிள்ளை கூடப் போவாரு."

"உங்க காரு நிக்குதே மொதலாளி. ஏசி காரு. சீக்கிரம் போவுமே," என்றாள் அம்சவள்ளி.

"சீட்டெல்லாம் வாந்தி எடுத்தா யாரு கழுவறது?" என்றான் சேரன், நியாயமான கேள்வி கேட்கிற குரலில்.

பிண்ணாக்கு ஏற்றுகிற அந்தச் சின்ன வண்டியில், சாக்குகளின் மேல், கலையரசியின் மடியில் தலை வைத்து அன்புச்செல்வி போனாள். வண்டி கேட்டைத் தாண்டும்முன்பே சேரன் பெட்டியின் வாசலில் நின்று செல்போன் வெளிச்சத்தை உள்ளே அடித்தான்.

"உள்ளயும் வாந்தி எடுத்தாளா?"

எல்லாரும் வண்டி போன பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"எடுத்திருந்தா நல்லாத் தொடைச்சுட்டு ரெண்டு பேரு சேந்து டபுளாக் காகிதம் ஒட்டுங்க. மல்லாட்டையில வாசனை ஏறுச்சுன்னா அவன் மொத்தப் பொட்டியையும் திருப்பிடுவான். ராஜாமணி, ஜல்தி. அவளுக்கு வலிப்பு. முன்னாலயே வலிப்பு இருந்திருக்கு, மறைச்சுட்டா. அவ்ளோதான்."

"அவளுக்கு வலிப்புன்னு யாரு சொன்னது?" என்றாள் அம்சவள்ளி.

"நான் சொல்றேன்."

அவன் அலுவலக அறைக்குள் போய்விட்டான். அங்கே கண்ணாடிக் குடுவைகளில் பருப்பு மாதிரிகள் இருந்தன. ஈரம் பார்க்க ஒரு கருவி, பூஞ்சை பார்க்க ஒரு கருவி, பூச்சி இருக்கிறதா என்று பார்க்க விளக்கு வைத்த மேசை. ஒரு பருப்பு கறுத்திருந்தாலும் அவனுக்குத் தெரிந்துவிடும்.

அம்சவள்ளி மேடையில் உட்கார்ந்துவிட்டாள். பூண்டு. அவள்தான் சொன்னாள். அவள் வாயால்தான். தண்ணி போதும் என்று சொன்னதும் அவள்தான். ராஜாமணி தொண்டையைக் கனைத்து, "ஏறுங்கப்பா, ஏத்துங்க," என்றான். கூலிக்காரனுக்குப் பழக்கம்தான் முதலில் எழுந்து நடக்கும், யோசனை பின்னால்தான் வரும். மண்ணாங்கட்டியின் ஆட்கள் முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு இரண்டு பக்கமும் காகிதத்தை ஒட்டி, மூட்டைகளை உள்ளே கொண்டுபோனார்கள். எட்டு மணிக்குள் நாற்பது மூட்டை ஏறியது. ஒருவன் வெளியே வந்து தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். இன்னொருவன் சுவரோரம் போய் ஓங்கரித்தான்.

அப்போதுதான் டிரைவர் முஜிபுர் ரஹ்மான் வந்தான். கோட்டக்குப்பத்துக்காரன். பதினொரு வருடம் வளைகுடாவில் ஒரு துறைமுகத்தில் கப்பலில் பெட்டிகளை இறுக்கிக் கட்டுகிற வேலை பார்த்துவிட்டு, முட்டி தேய்ந்துபோய் ஊர் திரும்பியவன். இழுவை வண்டியைப் பின்னால் விட்டுப் பெட்டியோடு சேர்க்க வந்தவன், இறங்கிக் கதவருகே நடந்தான். நின்றான். கதவில் ஒரு சாண் நீளத்துக்குப் பெயிண்ட் சுரண்டப்பட்டிருந்தது. பசை ஒட்டிய காகிதத் துணுக்கு ஒன்று ஓரத்தில் மிச்சமிருந்தது. அதில் மண்டையோட்டின் தாடை.

மூக்கைச் சுருக்கினான். அடுத்த நொடி, மூட்டையோடு உள்ளே நுழையப்போன மண்ணாங்கட்டியின் சட்டையைப் பிடித்து வெளியே இழுத்தான். மூட்டை சரிந்து விழுந்தது.

"இன்னாய்யா, பைத்தியமா உனக்கு?"

"யாரும் உள்ள போவாதீங்க. எல்லாரும் எறங்குங்க. தூரப் போங்க. அக்கா, நீங்களும்."

"இன்னா தம்பி?"

"இதுல யாரு மருந்து வெச்சது? நான் சனிக்கெழம உட்டுட்டுப் போவும்போது ஸ்டிக்கரு இல்ல. இப்ப ஒட்டிச் சுரண்டியிருக்கு. பூச்சி சாவறதுக்குப் பொட்டிக்குள்ள மருந்து வெச்சு மூடுவாங்க. தொறந்தா அரை நாளு கதவத் தொறந்து போட்டு, மீட்டரு வெச்சுப் பாத்துட்டுத்தான் ஆளு ஏறணும். நாங்க இருந்த எடத்துல அப்பிடி ஒரு பொட்டிக்குள்ள ரெண்டு பேரு போனாங்க. ரெண்டு பேரையும் பொட்டியிலதான் ஊருக்கு அனுப்பினாங்க. சின்னப் பொட்டி."

"அப்ப அந்தப் பூண்டு வாசனை..." என்றாள் அம்சவள்ளி.

"பூண்டு இல்லக்கா. அதுதான் மருந்து. சாம்பல்லியும் கொஞ்சம் உசுரு இருக்கும். தண்ணி பட்டா மறுபடியும் பொகையும்."

ஈரச் சாக்கு. ரெண்டு தடவ தொடை. அம்சவள்ளி எழுந்து நின்றாள். எல்லாரும் ராஜாமணியைப் பார்த்தார்கள்.

அவன் தலைகுனிந்திருந்தான். "சனிக்கெழம ராத்திரி பொட்டிக்குள்ள வண்டு இருந்திச்சு. மருந்துக்காரன் வந்து வெச்சுட்டுப் போனான். இன்னிக்கு மதியம் வரைக்கும் தொறந்து போட்டுத்தான் ஏத்தணும்னு சொல்லிட்டுத்தான் போனான். மதியம் ஏத்த ஆரம்பிச்சா ஆறு மணிக்குச் சேராது. மொதலாளிதான் 'ஸ்டிக்கரப் பாத்தா பொம்பளைங்க உள்ள போவமாட்டாளுங்க, சுரண்டிடு'ன்னாரு. விடியக்காலம் மூணரைக்குச் சுரண்டினேன். சுரண்டினத வாங்கிச் சட்டப் பையில போட்டுக்கினாரு."

"அதான் கதவத் தொறந்துட்டு நாலடி தள்ளி நின்னியா?"

அவன் மேடை விளிம்பில் உட்கார்ந்தான்.

"பொண்டாட்டி புள்ளக்காரன்னு நீ தள்ளி நின்ன. அவளுக்கும் ரெண்டு புள்ள இருக்குது," என்றாள் அம்சவள்ளி. திட்டிவிடலாம் என்றுதான் வாயைத் திறந்தாள். ஆனால் அவனைப் பார்க்கையில் தன்னையே பார்ப்பதுபோல இருந்தது. அவன் தன் கை செய்ததைச் சொன்னான், இவள் தன் மூக்கு செய்ததைச் சொல்ல வேண்டும்.

அவள் முந்தானையில் முடிந்திருந்த போன் அடித்தது. கலையரசி. திண்டிவனம் ஆஸ்பத்திரியிலிருந்து முண்டியம்பாக்கம் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டார்களாம். கணக்குப்பிள்ளை வலிப்பு என்று எழுதிக் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போனவர் திரும்பவில்லையாம். "டாக்டரு நம்பமாட்டேங்கறாரு அக்கா. இது வலிப்பு மாதிரி இல்ல, இன்னா சாப்பிட்டா, எங்க இருந்தான்னு என்னைத் தொளச்சுத் தொளச்சுக் கேக்கறாரு. மூச்சு இருக்குது. ஆனா இழுக்குது."

"மருந்துப் பொகைன்னு சொல்லு. பொட்டியில வண்டுக்கு வெச்ச மருந்து. நான் சொன்னேன்னு சொல்லு."

அலுவலகக் கதவு திறந்தது. மூட்டை விழுகிற சத்தம் நின்றுபோனது சேரனுக்குக் கேட்டிருக்க வேண்டும். கையில் செல்போனை ஏந்திக்கொண்டு வந்தான். திரையில் வரைபடம், அதில் ஒரு சிவப்புப் புள்ளி.

"ஏன் நின்னுட்டீங்க? இங்க பாரு, பொட்டியில வெச்ச மிஷினு நிமிசத்துக்கு ஒருதரம் எங்க நிக்குதுன்னு காட்டிக்கினே இருக்கு. கடல் தாண்டி வாங்கறவன் அவன் ஊட்டுல உக்காந்து இதைப் பாத்துகினு இருக்கான். பொட்டி நகரலன்னு இப்பவே மெசேஜ் வந்துடுச்சு."

"அந்த மிஷினு பொட்டிக்குள்ள ஆளு வுழுந்தா காட்டுமா மொதலாளி?" என்றான் மண்ணாங்கட்டி.

"வலிப்பு வந்தா நான் இன்னா பண்ணட்டும்?"

"வலிப்பு இல்ல. மருந்து," என்றான் முஜிபுர் ரஹ்மான்.

சேரன் அவனை முதன்முறையாகப் பார்த்தான். "நீ டிரைவரு. ஓட்டற வேலையப் பாரு." பிறகு அவன் முகத்தில் ஒரு கவலை ஓடியது, உண்மையான கவலை. பெட்டிக்குள் அடுக்கியிருந்த மூட்டைகளைப் பார்த்தான். "மருந்து வாடை நாப்பது மூட்டையிலியும் ஏறியிருக்குமா? அங்க டெஸ்ட்ல காட்டுமா?"

அம்சவள்ளி காறித் துப்பினாள். அவன் மேல் துப்பவில்லை. தரையில்தான். ஆனாலும் அவன் ஒரு அடி நகர்ந்தான்.

"இன்னா திமிரா? அம்சவள்ளி, ஒண்ணு சொல்றேன் கேட்டுக்க. பொட்டிய மோந்து பாத்தது யாரு? பூண்டுன்னு சொன்னது யாரு? பத்து பேரு கேட்டிருக்காங்க. நீ பூண்டுன்னு சொன்னதாலதான் அவ உள்ள போனா. விசாரணைன்னு வந்தா உன் பேருதான் மொதல்ல வரும். பேசாம ஒரு தாள்ல எழுதிக் குடு, நான் உன்னக் காப்பாத்தறேன். இல்லன்னா..."

அவளைத் தனக்குத் தெரியும் என்று அவன் நினைத்தான். சின்ன வயதில் இவன் அப்பா முத்துசாமியின் மண்டியில், அவள் அம்மா மல்லாட்டை உடைக்கும்போது மூட்டை மேல் ஏறி விளையாடியவன்தான். அந்தக் காலம் ஒன்றும் சொர்க்கமில்லை. முத்துசாமியும் உமியைக்கூட எடைபோட்டுத்தான் கொடுத்தார். ஆனால் அன்றைக்கு லாரியில் போன மூட்டைகளைத் துறைமுகத்தில் ஆட்கள் ஒவ்வொன்றாகச் சுமந்து ஏற்றினார்கள். மழை பெய்தால் ஏற்ற மாட்டார்கள். கப்பல் பத்து நாள் கரையில் நிற்கும். இப்போது கப்பல் நிற்பதில்லை. அது நிற்காததற்கு விலையாகத்தான் மதியம்வரை திறந்திருக்க வேண்டிய கதவை விடியலில் திறந்து, உடனே ஆளை ஏற்றினார்கள்.

"எழுதித் தர்றேன்," என்றாள் அம்சவள்ளி.

எல்லாரும் திரும்பினார்கள்.

"நான்தான் பூண்டுன்னு சொன்னேன். அன்புச்செல்விகிட்ட தண்ணி ஊத்தித் தொடைன்னு சொன்னதும் நான்தான். அதை மறைக்கமாட்டேன். அவ புருசன்கிட்டியும் சொல்லுவேன், போலீசுலயும் சொல்லுவேன். அது மொத வரி. ரெண்டாவது வரியில ஸ்டிக்கரு சுரண்டுனத எழுதுவேன். மூணாவது வரியில கார உடாம குட்டியானையில அனுப்பினத எழுதுவேன். உங்க பேரும் என் பேரும் ஒரே தாள்ல வரட்டும். எனக்கு இன்னா கூச்சம்?"

"சுரண்டுனதுக்கு இன்னா சாட்சி?"

மிச்சமிருந்த முந்திரித் தோப்பில் எங்கோ ஒரு மயில் கத்தியது.

"சாட்சி நான்தான்," என்றான் ராஜாமணி. எழுந்து நின்றான். மறுபடியும் சொன்னான். "நான்தான் சுரண்டினேன். நீங்க சொல்லித்தான் சுரண்டினேன்."

"நாளைக்கு உனக்கு இங்க வேல இல்ல."

"தெரியும்."

"யாருக்கும் இல்ல. பக்கத்துக் கம்பெனியில வடநாட்டுப் பசங்க முப்பது பேரு இருக்கானுங்க. ஒரு போன் போட்டா வருவானுங்க, பத்து நிமிசம்."

"வரட்டும்," என்றான் மண்ணாங்கட்டி. பெட்டியின் வாசலுக்கு நேராக, காற்று வீசுகிற பக்கமாகப் பத்தடி தள்ளி, ஒரு மூட்டையைப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தான். "வந்தா அவனுங்களையும் உள்ள உடமாட்டோம். அவனுங்களுக்கும் மூக்குதான் இருக்குது, மீட்டரு இல்ல." அவன் ஆட்கள் ஐந்து பேரும் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். பருப்புப் பொறுக்குகிற கொட்டகையிலிருந்து பெண்கள் முறத்தை வைத்துவிட்டு ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள். இன்ன விஷயம் என்று ஒருத்தி கேட்க, இன்னொருத்தி சொல்ல, அவர்களும் உட்கார்ந்தார்கள்.

முஜிபுர் ரஹ்மான் இழுவை வண்டியின் சாவியைப் பிடுங்கி லுங்கி மடிப்பில் செருகிக்கொண்டான்.

"நான் வேல பாத்த எடத்துல பத்தாயிரம் பொட்டிய ஒரே கப்பல்ல ஏத்துவாங்க," என்றான், யாரிடம் என்றில்லாமல். "மேல ஒருத்தன் கண்ணாடிக் கூண்டுல உக்காந்து பொத்தான அமுக்குவான், அவ்ளோதான். கப்பல்ல ஏத்தக் கை வேணாம். எறக்கக் கை வேணாம். ஆனா பொட்டிக்குள்ள ஒரு மூட்டைய அடுக்கணும்னா இன்னும் ஆளோட கைதான் வேணும். அதுக்கு மட்டும் எவனும் மிஷினு கண்டுபுடிக்கல. ஏன்னா நம்ம கை அதவிட மலிவு."

"அப்ப கையத் தூக்கி மடியில வெச்சுகினா?" என்று ஒருத்தி கேட்டாள்.

"புள்ளி நகராது."

சேரன் செல்போனைப் பார்த்தான். சிவப்புப் புள்ளி கிளியனூருக்கு இந்தப் பக்கம் நின்ற இடத்திலேயே நின்றது. அடுத்தடுத்து செய்திகள் வந்து திரையில் குதித்தன. அவன் நெற்றியில் வியர்வை அரும்பியது. அம்சவள்ளிக்கு அதைப் பார்க்க மகிழ்ச்சியாக இல்லை. அருவருப்பாகத்தான் இருந்தது. ஒரு பெண் மூச்சிழுக்கும்போது வராத வியர்வை அது.

"சரி. இன்னா வேணும் உங்களுக்கு? சொல்லுங்க, பேசிக்கலாம்."

"மூணு இருக்குது," என்றான் மண்ணாங்கட்டி. "மீட்டரு வெச்சுப் பாக்காம இனிமே எந்தப் பொட்டியிலயும் ஆளு ஏறமாட்டான். அன்புச்செல்வி செலவு முழுக்க உங்களுது, வேலையில அடிபட்டான்னு எழுதிக் குடுக்கணும். ராஜாமணிய வேலைய உட்டு நிறுத்தக்கூடாது."

"அதெல்லாம் யோசிச்சுத்தான்..."

அம்சவள்ளியின் போன் மறுபடியும் அடித்தது. கலையரசியின் குரல் இல்லை. வேறு குரல், இளம் ஆண் குரல், அவசரமாக. அவள் ஸ்பீக்கரில் போட்டாள். உட்கார்ந்திருந்த எல்லாரும் கேட்டார்கள்.

"நான் டூட்டி டாக்டர் பேசறேன்மா. புகைன்னு சொன்னீங்களே, அது ரொம்ப உதவியா இருந்தது. இப்ப அந்த மருந்தோட பேரு வேணும். மூணு நாலு வகை இருக்கு, ஒவ்வொண்ணுக்கும் வைத்தியம் பாக்கறது வேற. ஸ்டிக்கர்ல போட்டிருக்கும். யார்கிட்டயாவது இருக்கா? சீக்கிரம் சொல்லுங்க."

அம்சவள்ளி எழுந்து நடந்தாள். சேரனுக்கு எதிரே போய் நின்றாள். அவன் கை தானாகச் சட்டைப் பையை மூடியது. அவள் போனை அவன் முகத்துக்கு நேராக நீட்டினாள். இருபது வருடமாகச் சொன்ன 'மொதலாளி' அவள் நாக்கில் வரவில்லை.

"சேரா, டாக்டரு லைன்ல இருக்காரு. பேரச் சொல்லு."